முதற்கத்தி: வன்னியில் கத்தி செய்யத் தொடங்குபவருக்கு

நான் செய்த முதற்கத்தி ஒரு பூசணிக்காயிடம் தோற்றது. வீடு கட்டி மிஞ்சிய முறுக்குக் கம்பியில் ஒரு முழம் வெட்டியெடுத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை அடித்து, தேய்த்து, எண்ணெயில் தோய்த்து, அம்மாவிடம் கொடுத்தேன். கத்தி பூசணிக்காயில் பாதி இறங்கி நின்றுவிட்டது. அம்மா பிடியை ஆட்டி இழுக்க, அலகு வாழைமட்டை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே கிடந்தது. "வடிவாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பழைய கத்தியை எடுத்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு விசுவமடுப் பக்கம் ஒரு கம்மாலைக்குப் போனேன். அங்கிருந்த ஐயா வாங்கி அரத்தால் ஒரு இழுவை இழுத்தார். அரம் சவர்க்காரத்தில் போவது போலப் போனது. "இது எங்கத்தை இரும்பு, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நானே முதலில் கேட்டிருந்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

விசயம் இதுதான். இரும்பில் போதிய காபன் இருந்தால்தான் அது தோய்ச்சலில் (காய்ச்சி எண்ணெயில் சட்டென்று ஆறவைப்பதில்) கடினமாகும். கட்டடக் கம்பியில் அது 0.3 வீதத்துக்கும் கீழே. கத்திக்கு ஏறத்தாழ 0.5 வீதமாவது வேண்டும். குறைந்த இரும்பை எத்தனை தரம் காய்ச்சித் தோய்த்தாலும் அது கத்தியின் வடிவத்தில் உள்ள கம்பிதான்.

வன்னியில் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிறவர்கள், எனக்குத் தெரிந்து, ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். மல்லாவியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் ஒரு தம்பி; கராஜ் மூலையில் உடைந்த ஸ்பிரிங் பட்டைகள் காலில் இடறிக்கொண்டே இருந்ததால் தொடங்கியவன். வவுனியாவில் ஒரு கணித ஆசிரியர். கள்ளுச் சீவிய அப்பப்பாவின் பாளைக்கத்தி துருப்பிடித்துக் கிடக்க, அதைத் தீட்டப் போய் இதில் மாட்டிக்கொண்டவர். புதுக்குடியிருப்பில் பனையோலைப் பெட்டி இழைக்கும் ஒரு அக்கா; தன் கைக்கு அளவான சத்தகம் (ஓலை வாரும் சிறு கத்தி) கடையில் கிடைக்காததால் தானே செய்துகொண்டார். எங்கள் எல்லோருடைய கத்திகளிலும் மெல்லிய, நேரான வாய் (வெட்டும் விளிம்பு) அந்தச் சத்தகத்துக்குத்தான். நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் யாருடைய வீட்டிலும் முன்பு உலை எரிந்ததில்லை. ஆகவே நீங்களும் தொடங்கலாம்.

தொடங்கும்போது ஆசையை அடக்குங்கள். முதல் வேலைக்கு அலகு 12 முதல் 15 சென்ரிமீற்றர் நீளமுள்ள சமையல் கத்தி போதும். காட்டுக்கத்திக்குத் தடித்த இரும்பும் நல்ல தோள்பலமும் வேண்டும். வில்லுக்கத்தி மடங்கித் திறக்கும் சமாச்சாரம், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் வாய் வைத்த குத்துக்கத்தி வேண்டவே வேண்டாம். செய்த கத்தியை வெளியே கொண்டுபோவதென்றால் கடதாசியில் சுற்றி, பையின் அடியில் கட்டி வையுங்கள். சமையல் கத்திதான் என்று ஒரு சோதனைச் சாவடியில் விளங்கப்படுத்தி முடிக்க எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பஸ்ஸும் போய்விட்டது.

எங்கத்தை இரும்பு?

எங்கே எடுக்கக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காடு, கைவிடப்பட்ட காணி, பழைய பங்கர், மண் அணை. இந்த இடங்களில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடமாக நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை, கால் இழந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அப்படி எதையாவது கண்டால் போன தடத்திலேயே திரும்பி வந்து கிராம அலுவலரிடமோ பொலிஸ் அவசர இலக்கமான 119க்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக் கடையில் குவியலைக் கிளறும்போதும் இதே கவனம் வேண்டும். எந்த வாகனத்தின் எந்தப் பாகம் என்று சொல்ல முடியாத துண்டை நான் வாங்குவதில்லை. மூடிய குழாய், உருளை எதுவும் என் உலைப் பக்கமே வராது.

நம்பி வாங்கக்கூடியது வாகன ஸ்பிரிங் பட்டை. லொறி, பிக்கப், உழவு இயந்திரப் பெட்டி எல்லாவற்றிலும் உண்டு. காபன் பெரும்பாலும் 0.5 முதல் 0.6 வீதம் வரை, கத்திக்கு அளவானது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்து, 2002இல் ஏ9 பாதை திறக்கும்வரை, கம்மாலைகளுக்குச் சோறு போட்டது இந்தப் பட்டைதான் என்று ஐயா சொல்வார். மண்வெட்டி, கோடரி, காட்டுக்கத்தி எல்லாம் அதிலிருந்துதான். லொறிப் பட்டை 10 மில்லிமீற்றர்வரை தடிப்பாக இருக்கும். அதைச் சமையல் கத்திக்கு மெலிப்பதற்குள் உங்களுக்குக் கத்தியே வெறுத்துவிடும். சின்ன வாகனத்தின் மெல்லிய பட்டையைக் கேளுங்கள்.

இன்னொரு வழி, மரக்காலையில் பலகை அறுக்கும் அகலமான பட்டி வாள். அறுந்துபோன துண்டைச் சும்மாவே தருவார்கள். அது ஏற்கனவே தோய்ச்சல் ஏறிய உருக்கு. சூடேற்றாமல் வெட்டி, தேய்த்தால் உலையே இல்லாமல் கத்தி செய்யலாம். அக்காவின் சத்தகம் அப்படித்தான் வந்தது. கிரைண்டர் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள்; விளிம்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. நெருப்புக்குப் பயமென்றால் இதில் தொடங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை.

நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய், தகடு எதையும் நெருப்பில் வைக்காதீர்கள். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் கிடத்தும்.

வாங்கிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். உடைந்ததால்தானே கழற்றிப் போட்டார்கள்? ஐயா காட்டிய சோதனை இது: துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே வெண்கட்டியைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளையில் மயிரளவு கோடாகத் தெரியும். அந்த இடத்தை வெட்டி எறியுங்கள்.

பிறகு உருக்குத்தானா என்ற சோதனை. ஒரு சிறு துண்டைச் செம்மஞ்சளாகக் காய்ச்சி எண்ணெயில் போடுங்கள். ஆறியதும் சாக்கில் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, சுத்தியலால் அடியுங்கள். படக்கென்று உடைந்தால் நல்லது. வளைந்தால் என் பூசணிக்காய்க் கதைதான்.

அரமும் கையும்

தொடக்கத்துக்கு வேண்டியவை இரும்பு அறுக்கும் வாள் ஒன்று, 12 அங்குலத்தில் கரடான பட்டை அரம் ஒன்று, நைசான அரம் ஒன்று, வைஸ் ஒன்று, டிரில் ஒன்று. கிரைண்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. அரம் பிழையையும் மெதுவாகத்தான் செய்யும், கிரைண்டர் ஒரு மூச்சில் செய்துவிடும். எது வைத்திருந்தாலும் கண்ணாடியும் முகக்கவசமும் போடுங்கள். சாரம் கட்டிக்கொண்டோ செருப்போடோ உலைக்குக் கிட்டப் போகாதீர்கள். டிரில்லுக்குக் கையுறை போடாதீர்கள், சுற்றி இழுத்துவிடும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். பெரிய காயமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு அருமையானது. ஆனால் அது ரயில்வேயின் சொத்து. 1990இல் நின்ற யாழ்தேவி 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் போனது. இடையில் தண்டவாளங்கள் எங்கே போயின என்று ஊருக்கே தெரியும். யாராவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். என் பட்டடை, பாலைக்குற்றியில் நிமிர்த்தி இறக்கிய லொறி அச்சு.

ஸ்பிரிங் பட்டை அரத்துக்கு இலேசில் மசியாது. முதலில் அதை இளக்க வேண்டும். நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, உமிச்சாம்பல் நிரப்பிய தகரத்துக்குள் ஆழப் புதைத்து, மறுநாள் காலைவரை கிளறாமல் விடுங்கள். அரிசி ஆலைகளில் உமி கிடைக்காத ஊர் வன்னியில் இல்லை. உமிச்சாம்பல் சூட்டை அப்படியே பொத்தி வைத்திருக்கும். விடிய எடுத்தபோதும் என்னுடையது கையைச் சுட்டது.

வடிவத்தை முதலில் மட்டையில் வெட்டிப் பிடித்துப் பாருங்கள். வெங்காயம் வெட்டுவதுபோல் மேசையில் அசைத்துப் பாருங்கள். விரல்முட்டி மேசையில் இடித்தால் அலகின் அகலம் போதாது. சரியானதும் இரும்பில் வரைந்து, வெட்டி, ஓரங்களை அராவி எடுங்கள். அரம் தள்ளும்போதுதான் அரியும். இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். பல்லிடுக்கில் தூள் அடைக்காமலிருக்க வெண்கட்டி பூசலாம்.

வாய் வரவேண்டிய விளிம்பின் நடுக்கோட்டைக் குறிக்க ஒரு சின்ன வித்தை: இரும்பின் தடிப்பே உள்ள டிரில் ஊசியை எடுங்கள். இரண்டையும் மட்டமான கண்ணாடியில் படுக்க வைத்து, ஊசியின் கூரால் விளிம்பில் கீறுங்கள். கோடு சரியாக நடுவில் விழும். இரண்டு பக்கமும் அந்தக் கோட்டை நோக்கிச் சாய்த்து அராவுங்கள். ஆனால் வாயை இப்போதே கூராக்காதீர்கள். 1 மில்லிமீற்றர் தடிப்பு விட்டு நிறுத்துங்கள், மெல்லிய வாய் தோய்ச்சலில் நெளியும், வெடிக்கும். பிடிக்கு ஆணி போகும் துளைகளை மட்டும் இப்போதே போடுங்கள். பிறகு டிரில் இறங்காது.

உலை

நிலத்தில் முழங்கையளவு பள்ளம், அடியில் துளை போட்ட இரும்புக் குழாய், மறுமுனையில் காற்றுக்கு ஒரு சின்ன ஊதி. சுற்றிவர புற்றுமண் குழைத்துப் பூசினால் அது சுட்டு இறுகிவிடும். என் உலை இவ்வளவுதான். கரிக்குக் காட்டில் கை வைக்க வேண்டாம், சிரட்டைக்கரி இருக்கிறது. பிடிக்க நேரமெடுக்கும், பிடித்தால் நின்று எரியும்.

சோளகக் காற்று பெயர்கிற நாளில் உலை மூட்டாதீர்கள். ஒரு ஆவணி மாதம் நான் மூட்டினேன். ஒரே ஒரு பொறி எங்கள் கிடுகு வேலிக்குப் போனது. பக்கத்து வீட்டு மாமி வாளியோடு ஓடிவந்து அணைத்தார். பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

தோய்ச்சல்

கத்தி உண்மையில் கத்தியாவது இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

முதலில் இரும்பைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். அந்தச் சூடு வந்ததும் வெளியே எடுத்து, காற்றில் கறுக்கவிடுங்கள். இப்படி மூன்று தரம். இரும்புக்குள்ளே பருத்திருந்த பளிங்கு மணிகள் நைசாகும்.

நாலாவது தரம்தான் தோய்ச்சல். ஸ்பிரிங் பட்டைக்குக் காந்தம் விட்ட சூட்டுக்கும் மேலே, ஏறத்தாழ 830 பாகை வேண்டும். வெப்பமானி இல்லாமல் எப்படி அறிவது? உப்பு. சாப்பாட்டு உப்பு 801 பாகையில் உருகும். ஆனையிறவு உப்பில் ஒரு சிட்டிகையை அலகில் தூவுங்கள். உப்பு மணியாகவே கிடந்தால் சூடு போதாது. கண்ணீர் மாதிரி உருகி ஓடினால், அதற்கு மேல் ஒரு சொட்டுப் பிரகாசம் கூடியதும் போதும்.

நான் அந்தப் பிரகாசத்தில்தான் பிழைவிட்டேன். என் இரண்டாவது கத்தி தோய்ச்சல் முடிந்து நல்ல சத்தத்தோடு இருந்தது. மறுநாள் பார்க்கலாம் என்று யன்னல் கட்டில் வைத்தேன். பூனை தட்டிவிட, சீமெந்து நிலத்தில் விழுந்து மூன்று துண்டு. துண்டுகளைக் கம்மாலைக்குக் கொண்டுபோனேன். ஐயா உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். சீனி கொட்டினதுபோல மணிமணியாக மினுங்கியது.

"வெயிலுக்க நிண்டுதானே நிறம் பாத்தனீ?"

"ஓம் ஐயா. எப்பிடித் தெரியும்?"

"சூடு கூடிப்போச்சு. வெயிலுக்க செம்மஞ்சளும் மங்கலாத்தான் தெரியும், நீ இன்னும் காணாது எண்டு ஊதியிருப்பாய். உள்ளுக்க கொண்டுவந்து பார்."

கம்மாலை ஏன் எப்போதும் இருட்டாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நல்ல தோய்ச்சல் உடைந்தால் முகம் சாம்பல் நிறத்தில், மணியே தெரியாமல் பட்டுப்போல இருக்கும். சோதனைத் துண்டுகளை உடைத்து இதைப் பழகுங்கள். நான் இப்போது பொழுதுபட்ட பிறகுதான் உலை மூட்டுகிறேன்.

எண்ணெய்க்கு, கத்தி நிமிர்ந்து முழுதாக மூழ்கும் உயரமான இரும்புத் தகரத்தில் மூன்று லீற்றர் சமையல் எண்ணெய். பழைய எஞ்சின் ஒயில் வேண்டாம், அதன் புகை நஞ்சு. தண்ணீரும் வேண்டாம். ஐயா உளியைத் தண்ணீரில் தோய்ப்பார், அது அவருடைய கை. ஸ்பிரிங் பட்டை தண்ணீரில் வெடிக்கும். எண்ணெயை 50 முதல் 60 பாகைவரை சூடாக்குங்கள். ஒரு இரும்புத் துண்டைக் காய்ச்சி உள்ளே விட்டாலே வந்துவிடும். உலைக்கும் தகரத்துக்கும் நடுவே இரண்டு எட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. முனை கீழே இருக்க நேராக இறக்கி, மேலும் கீழுமாக மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் அலகு கோணும். மேலே தீப்பற்றும், பயப்படாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தகர மூடியும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் வீட்டையும் தேட வேண்டி வரும்.

ஆறியதும் அரத்தை வாயில் வைத்து இழுங்கள். அரம் பிடிக்காமல், போத்தலில் உரசுவதுபோலக் கீச்சிட்டு வழுக்கினால் தோய்ச்சல் ஏறிவிட்டது.

இந்த நிலையில் கத்தி கண்ணாடி மாதிரி. அன்றைக்கே இளஞ்சூடு காட்ட வேண்டும். பூனைக்கு விடாதீர்கள். 200 பாகையில் இரண்டு மணித்தியாலம், ஆறவிட்டு, இன்னொரு இரண்டு மணித்தியாலம். வீட்டில் அவன் அடுப்பு இல்லையென்றால் ஊர் வெதுப்பகத்தைக் கேட்டுப் பாருங்கள். பாண் இறக்கிய பிறகு போறணையில் இருக்கும் சூடு இதற்கு நல்ல அளவு. முன்கூட்டியே அலகின் ஒரு பக்கத்தை அரத்தாளால் மினுக்கி வைத்தால் நிறம் தெரியும். வைக்கோல் நிறம் வந்தால் சமையல் கத்திக்குச் சரி. காட்டுக்கத்திக்கு இன்னும் விட்டு நாவல்பழ நிறம்வரை கொண்டுபோவார்கள், கடினம் குறைந்து அடிதாங்கும். நீலம் வந்துவிட்டால் சமையல் கத்திக்கு ஆகாது, திரும்ப உலையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிடி

மரக்காலையிலோ தச்சுப் பட்டறையிலோ வெட்டி எறிந்த துண்டுகளைக் கேளுங்கள். பாலை, வேம்பு, பனஞ்சிராய் எல்லாம் நல்லது. முதிரை பார்க்க அழகு, ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் போடும். எனக்கு முழங்கைவரை போட்டது. மான்கொம்பு சட்டத்தில் மாட்டிவிடும் சாமான், தொடவே வேண்டாம். எருமைக் கொம்பு போதும்.

இரண்டு பக்கத் துண்டுகளையும் அரால்டைட் பூசி, பித்தளைக் கம்பியை ஆணியாக இறக்கி, ஒரு நாள் இறுக்கி வையுங்கள். பிறகு 120, 220, 400 என்று அரத்தாளை ஏற்றிக்கொண்டு போங்கள். தேங்காயெண்ணெய் காயாது, நாளடைவில் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாமல் விரித்துக் காயவிடுங்கள், அது தானாகவே தீப்பற்றக்கூடியது.

வாய்

மிஞ்சியிருந்த 1 மில்லிமீற்றரை அரத்தாளாலும் கல்லாலும் மெலித்துவிட்டுத் தீட்டுங்கள். அலகு 40 மில்லிமீற்றர் அகலமென்றால், முதுகு கல்லிலிருந்து 10 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தால் சாய்வு ஏறத்தாழ 15 பாகை. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் விரலுக்குச் சுரசுரவென்று ஒரு பிசிர் தட்டுப்படும். அது முனையிலிருந்து பிடிவரை வந்தால்தான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பத்துத் தரம் பின்பக்கமாக இழுங்கள். பழுத்த தக்காளியில் பாரம் கொடுக்காமல் இறங்கினால் வேலை முடிந்தது.

இந்த உருக்கு துருப்பிடிக்கும். வெட்டியவுடன் கழுவித் துடைக்க வேண்டும். மாங்காய், புளி, தேசிக்காய் பட்ட இடம் கறுக்கும். அது துருவல்ல, விட்டுவிடலாம். மூன்றாவது கத்தியை அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் குசினியில் வைத்தேன். இப்போது அதில் பாதி அலகு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மினுக்கித் தரவா என்று போன கிழமை கேட்டேன்.

"கிடக்கட்டும். தேசிக்காய் வெட்டவேணும், இஞ்ச தா" என்றார்.